இத்தாலியில் அவசரம் வந்தால் என்ன சொல்வது? முதல்முறை போகிறவர்களுக்கு

ரோமிலும் வெனிஸிலும் ஹோட்டல் வரவேற்பிலோ அருங்காட்சியக வாசலிலோ ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே சமாளித்துவிடலாம். ஆனால் அவசரம் அங்கெல்லாம் வருவதில்லை. கூட்டமான பஸ்ஸில் வரும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைகள் எல்லாம் அடைத்திருக்கும்போது வரும், ராத்திரி இரண்டு மணிக்கு வாடகை வீட்டின் நாலாவது மாடியில் வரும். அப்போது உங்கள் பக்கத்தில் இருப்பவர் ஒரு காய்கறிக் கடைக்காரராகவோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வயதான அம்மாவாகவோ இருப்பார், அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். திருடு போனதே அந்த போன்தான் என்றால்?

அதனால் ஒரு இருபது, முப்பது வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு விமானம் ஏறுங்கள். வணக்கம், நன்றி, பில் கொண்டுவாருங்கள் போன்றவை எல்லாப் பயணப் புத்தகத்திலும் கிடைக்கும், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவசரத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: என்ன நடந்தது, எங்கே இருக்கிறீர்கள். அதற்கு அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வியும் புரிய வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் படிக்காமல் விடுகிறார்கள். அதனால் கேள்விகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக

இத்தாலியன் நம் வாய்க்கு ஒத்துவரும் மொழி. த, ஞ, ல்ல, த்த எல்லாம் அவர்களிடமும் இருக்கின்றன. ஆங்கிலேயர் சொல்வதுபோல ட என்று சொல்லாமல் நம்முடைய த-வையே சொல்லுங்கள். ஒற்றெழுத்து இரட்டித்து வரும் இடத்தில் அழுத்திச் சொன்னால் போதும், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். தமிழ் எழுத்தில் காட்ட முடியாத சில ஒலிகள் உண்டு. 'தோவே' என்பதில் வரும் தோ, தோசையில் வரும் தோ. 'பாஞ்ஞோ' (கழிவறை) என்பதில் வரும் பா, பஸ்ஸில் வரும் ப. 'லாத்ரோ' என்பதில் உள்ள த், முத்ராவில் வரும் த்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லின் கடைசி மாறும். ஆணைப் பற்றி என்றால் பெரும்பாலும் 'ஓ', பெண்ணைப் பற்றி என்றால் 'ஆ'. மாற்றிச் சொல்லிவிட்டாலும் யாரும் குழம்ப மாட்டார்கள், அதற்காகத் தயங்கி நிற்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது: ஆளைக் கூப்பிடுவது

'ஆயூத்தோ!' என்றால் காப்பாற்றுங்கள், உதவி. யூ-வில் அழுத்தம் கொடுத்து உரக்கக் கத்துங்கள். பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான் என்றால் 'அல் லாத்ரோ!', அதாவது திருடன் திருடன். தீ என்றால் 'அல் ஃபுவோக்கோ!'. யாராவது வண்டிக்குக் குறுக்கே போகிறார் என்றால் 'அத்தென்ட்ஸியோனே!', பார்த்து, கவனம்.

கத்தத் தேவையில்லாத அவசரம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் நேராகப் போய் 'மி புவோ ஆயுத்தாரே?' என்று கேளுங்கள், எனக்கு உதவ முடியுமா என்று பொருள். இது மரியாதையான வடிவம், யாரிடமும் கேட்கலாம். கூடவே:

'கியாமி உனம்புலான்ட்ஸா!' ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.
'கியாமி லா பொலிட்ஸீயா!' போலீஸைக் கூப்பிடுங்கள்.
'ஸூபித்தோ!' உடனே.
'நோன் பார்லோ இத்தாலியானோ. பார்லா இங்கிளேஸே?' எனக்கு இத்தாலியன் தெரியாது, உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?
'பியூ பியானோ, பெர் ஃபவோரே.' கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.
'நோன் கப்பிஸ்கோ.' புரியவில்லை.
'புவோ ஸ்க்ரீவெர்லோ?' எழுதிக் காட்ட முடியுமா?

எங்கே ஓடுவது என்று தெரியாவிட்டால் 'பார்' என்று பலகை போட்ட கடைக்குள் நுழையுங்கள். இத்தாலியில் பார் என்றால் பெரும்பாலும் காப்பிக் கடை. காலையிலிருந்து திறந்திருக்கும், அநேகமாக எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும், அக்கம்பக்கத்து மனிதர்கள் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். போன், தண்ணீர், உட்கார நாற்காலி, ஆம்புலன்ஸுக்குச் சரியான விலாசம் சொல்லக்கூடிய ஆள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இரண்டாவது: எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்வது

கேள்வி இப்படி வரும்: 'தோவே ஸி த்ரோவா?' எங்கே இருக்கிறீர்கள்? பதிலை 'ஸோனோ இன் வீயா...' என்று ஆரம்பித்துத் தெருப் பெயரைச் சொல்லுங்கள். வீயா என்றால் தெரு, பியாட்ஸா என்றால் சதுக்கம். பழைய நகரங்களில் தெருப் பெயரைக் கல்லில் வெட்டி மூலைக் கட்டடத்தின் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில் பதித்திருப்பார்கள், அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். பெயர் கிடைக்காவிட்டால் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்: 'வீச்சீனோ ஆ...' என்றால் பக்கத்தில், 'தவாந்தி ஆ...' என்றால் எதிரில். கியேஸா என்றால் தேவாலயம், ஸ்தாட்ஸியோனே என்றால் ரயில் நிலையம், போந்தே என்றால் பாலம்.

இரண்டு ஊர்களில் விலாசம் விசேஷமாகக் குழப்பும். ஃபுளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடும். கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண். சிவப்பு 20 ஓரிடத்திலும் கறுப்பு 20 தெருவின் வேறொரு முனையிலும் இருக்கலாம். அதனால் எண்ணைச் சொல்லும்போது சிவப்பு என்றால் 'ரோஸ்ஸோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெனிஸிலோ வீட்டு எண் தெருவுக்குத் தெரு ஆரம்பிப்பதில்லை, ஆறு பேட்டைகள் உண்டு, ஒவ்வொரு பேட்டை முழுவதற்கும் ஒரே எண் வரிசை. ஸான் மார்க்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, தொர்சொதூரோ, ஸான் போலோ, ஸாந்தா க்ரோச்சே, இவற்றில் நீங்கள் எந்தப் பேட்டையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். வெனிஸில் கார் போகும் சாலையே கிடையாது, ஆம்புலன்ஸும் படகுதான். பக்கத்துப் பாலத்தின் பெயரோ படகுத் துறையின் பெயரோ சொன்னால் அவர்களுக்குச் சுலபம்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் சாலையின் எண், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள், ஓரத்துப் பலகையில் உள்ள கிலோமீட்டர் எண் மூன்றையும் சொல்லுங்கள். பளிச்சிடும் மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்க வேண்டும், அது அங்கே சட்டம். விபத்தில்லாமல் வண்டி மட்டும் பழுது என்றால் இத்தாலிய ஆட்டோமொபைல் கிளப்பின் உதவி எண் 803116.

மூன்றாவது: 112-க்குப் பேசுவது

ஐரோப்பா முழுக்க அவசர எண் 112. கட்டணம் கிடையாது. இத்தாலியின் பெரும்பாலான பகுதிகளில் இந்த ஒரே எண்ணில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் கிடைக்கும். பழைய எண்களையும் மக்கள் இன்னும் சொல்வார்கள்: போலீஸுக்கு 113, தீயணைப்புக்கு 115, ஆம்புலன்ஸுக்கு 118. யாராவது 'ச்செந்தொதிச்சோத்தோ' என்று சொன்னால் 118-ஐச் சொல்கிறார்கள், ஆம்புலன்ஸ் பேச்சு என்று புரிந்துகொள்ளுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1530.

'வேர் ஆர் யூ' என்ற பெயரில் 112-க்கென்றே அதிகாரபூர்வ ஆப் ஒன்று உண்டு, அழைக்கும்போது நீங்கள் இருக்கும் இடத்தையும் அனுப்பிவிடும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அழைப்பு எப்படிப் போகும் என்று பார்க்கலாம். ஃபுளோரன்ஸில் ஸாந்தா க்ரோச்சே சதுக்கத்தில் வெயிலில் நடந்து வந்த உங்கள் அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்று வையுங்கள். 112 அழுத்துகிறீர்கள். மறுமுனையில் ஆள் வந்ததும் மூச்சு விடாமல் கதை சொல்ல வேண்டாம். முதலில் 'இங்கிளேஸே, பெர் ஃபவோரே' என்று சொல்லிப் பாருங்கள், 112 மையங்களில் வேறு மொழியில் பேச ஏற்பாடு உண்டு. இணைப்புக் கிடைக்கும்வரை சும்மா இருக்காமல் முக்கியமானதைச் சொல்லிவிடலாம்:

'எமெர்ஜென்ட்ஸா மேதிக்கா. மீயோ பாத்ரே எ ஸ்வெனூத்தோ.' மருத்துவ அவசரம், என் அப்பா மயங்கிவிட்டார்.
'ஸோனோ இன் பியாட்ஸா ஸாந்தா க்ரோச்சே, தவாந்தி அல்லா கியேஸா.' ஸாந்தா க்ரோச்சே சதுக்கம், தேவாலயத்துக்கு எதிரில்.

அவர்கள் கேட்கப்போவது அநேகமாக இவை. 'ரெஸ்பீரா?' மூச்சு விடுகிறாரா? 'எ கோஷேந்தே?' நினைவு இருக்கிறதா? 'க்வாந்தி ஆன்னி ஆ?' வயது என்ன? 'கோஸா எ ஸுச்செஸ்ஸோ?' என்ன நடந்தது? பதில் 'ஸீ' என்றால் ஆம், 'நோ' என்றால் இல்லை. மூச்சு இருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் 'ரெஸ்பீரா, மா நோன் ரிஸ்போந்தே'. எழுபது வயது என்றால் 'ஸெத்தாந்தான்னி'. சர்க்கரை நோயாளி என்றால் 'எ தியாபேத்திக்கோ'. கடைசியில் 'ரெஸ்தி இன் லீனெயா' என்பார்கள், லைனிலேயே இருங்கள் என்று பொருள், வைத்துவிடாதீர்கள். 'ஸ்தியாமோ அர்ரிவாந்தோ' என்றால் வந்துகொண்டிருக்கிறோம்.

வரும் வண்டியில் ஆம்புலன்ஸ் என்பதைவிடப் பெரிதாக மிஸெரிகோர்தியா, க்ரோச்சே ரோஸ்ஸா, க்ரோச்சே வேர்தே என்றெல்லாம் எழுதியிருக்கலாம். இவை தன்னார்வ அமைப்புகள், அவசர அழைப்புக்கு அனுப்பப்படும் வண்டிகளில் பல இவர்களுடையவை. ஃபுளோரன்ஸின் மிஸெரிகோர்தியா 1244-இல் தொடங்கியதாகச் சொல்லப்படுவது, இன்றும் ஓடுகிறது. ஏதோ தனியார் வண்டி பணம் பறிக்க வந்துவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உடம்புக்கு என்ன என்று சொல்வது

ஒரே வாக்கியம் போதும்: 'மி ஃபா மாலே க்வீ', எனக்கு இங்கே வலிக்கிறது. சொல்லிக்கொண்டே விரலால் காட்டுங்கள். மார்பு வலி மட்டும் வாயால் சொல்லத் தெரிந்திருக்கட்டும், 'மி ஃபா மாலே இல் பெத்தோ', இதைக் கேட்டால் யாரும் உங்களைக் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். வயிறு 'லா பான்ச்சா', தலை 'லா தெஸ்தா', பல் 'இல் தெந்தே', முதுகு 'லா ஸ்கியேனா'.

'நோன் ரியெஸ்கோ ஆ ரெஸ்பிராரே.' மூச்சு விட முடியவில்லை.
'பெர்தே ஸாங்க்வே.' ரத்தம் போகிறது.
'எ கதூத்தோ', 'எ கதூத்தா.' விழுந்துவிட்டார்.
'ஓ லா ஃபெப்ப்ரே.' காய்ச்சல்.
'ஸோனோ இன்ச்சீந்தா.' கர்ப்பமாக இருக்கிறேன்.
'ஸோனோ அல்லெர்ஜிக்கோ அல்லா பெனிச்சில்லீனா.' பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. பெண் என்றால் அல்லெர்ஜிக்கா.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெரிந்து வையுங்கள். பிரஷர் என்றால் 'ப்ரெஸ்ஸியோனே ஆல்தா'. இதய நோய் உள்ளவர் என்றால் 'ஸோஃப்ரே தி குவோரே'. இன்சுலின் 'இன்ஸுலீனா'. சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆனால் விழுங்கும் அளவுக்கு நினைவு இருக்கிறது என்றால் பக்கத்துக் காப்பிக் கடைக்குள் போய் 'ட்ஸுக்கெரோ, ஸூபித்தோ!' என்று கேளுங்கள். சர்க்கரைப் பொட்டலங்கள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிண்ணத்தில் இருக்கும். பழச்சாறு 'ஸுக்கோ தி ஃப்ரூத்தா'. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அப்போது 112 ஒன்றுதான் வழி.

வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இத்தாலியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேர்க்கடலை 'அராக்கிதி', முந்திரி 'அனக்கார்தி', ஹேசல்நட் 'நொச்சோலா'. கடையில் வாங்கும் பெஸ்தோ (பாஸ்தாவில் சேர்க்கும் பச்சைச் சட்னி) குப்பிகளில் முந்திரி அரைத்துச் சேர்ப்பது சாதாரணம், குப்பியின் முன்பக்கத்தில் துளசி படம் மட்டும் இருந்தாலும் பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள். உணவகத்தில் 'ச்சி ஸோனோ அனக்கார்தி?' என்று கேளுங்கள், இதில் முந்திரி இருக்கிறதா என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிக் கடைக்காரர் தகவல் தந்தாக வேண்டும், அதனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில்

அவசரப் பிரிவின் பெயர் 'ப்ரோந்தோ ஸொக்கோர்ஸோ'. இந்த இரண்டு சொல்லும் மனப்பாடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சில ஆஸ்பத்திரிகள் பார்ப்பதற்கு ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காது. வெனிஸின் பொது மருத்துவமனைக்குள் நுழையும் முகப்பு மறுமலர்ச்சிக் காலத்துப் பளிங்குக் கட்டடம், சுற்றுலாப் பயணிகள் அதை நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஃபுளோரன்ஸின் ஸாந்தா மரீயா நுவோவா 1288-இல் தொடங்கியது, இன்றும் நகரின் நடுவில் நோயாளிகளைப் பார்க்கிறது. 'தொவே இல் ப்ரோந்தோ ஸொக்கோர்ஸோ?' என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

உள்ளே போனதும் ஒரு செவிலியர் பார்த்து வண்ணம் ஒன்றைக் கொடுப்பார். 2019-இல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி சிவப்பு, ஆரஞ்சு, நீலம், பச்சை, வெள்ளை என ஐந்து. சிவப்பு என்றால் உடனடி, வெள்ளை என்றால் அவசரமே இல்லை. பச்சையோ வெள்ளையோ கிடைத்தால் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிடுவார்கள், அது பாகுபாடு இல்லை, அவருடைய வண்ணம் வேறு. ஆனால் காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், எழுந்து போய் 'ஸ்தோ பெஜோ' என்று சொல்லுங்கள், எனக்கு இன்னும் மோசமாகிறது என்று பொருள். மறுபடி பார்ப்பார்கள்.

அவசரச் சிகிச்சையை மறுக்க மாட்டார்கள், ஆனால் வெளிநாட்டவருக்குப் பில் வரலாம். ஷெங்கன் விசாவுக்கு நீங்கள் எடுத்த பயணக் காப்பீடு, குறைந்தது 30,000 யூரோவுக்கானது, இந்த நேரத்துக்குத்தான். 'ஓ லஸ்ஸிகுராட்ஸியோனே' என்றால் என்னிடம் காப்பீடு உண்டு. கிளம்பும்போது இரண்டு காகிதம் கேட்டு வாங்குங்கள்: 'இல் வெர்பாலே', சிகிச்சைக் குறிப்பு, 'லா ரிச்செவூத்தா', பணம் கட்டிய ரசீது. இவை இல்லாமல் ஊருக்குத் திரும்பி வந்து காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மருந்துக் கடை

ஆஸ்பத்திரி அளவுக்குப் போகாத தொல்லைகளுக்கு முதலில் போக வேண்டியது 'ஃபர்மச்சீயா'தான். பச்சைச் சிலுவை விளக்கு தூரத்திலிருந்தே தெரியும். அங்கே கவுன்ட்டரில் நிற்பவர் படித்த மருந்தாளுநர், பொறுமையாகக் கேட்டு மருந்து சொல்வார், பல கடைகளில் பிரஷரும் பார்த்துத் தருவார்கள்: 'புவோ மிஸுரார்மி லா ப்ரெஸ்ஸியோனே?'. காய்ச்சல், உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் வேண்டும் என்றால் 'பராச்செத்தாமோலோ' என்று கேளுங்கள், அல்லது அங்கே எல்லோருக்கும் தெரிந்த 'தாக்கிபிரீனா' என்ற பெயரைச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு 'தியாரேயா', வாந்தி 'வோமித்தோ'. ஜெல்லிமீன் கொட்டிவிட்டது என்றால் 'மி ஆ பூந்தோ ஊனா மெதூஸா'.

ஆன்டிபயாடிக் சும்மா கிடைக்காது. 'ச்சி வுவோலே லா ரிச்செத்தா' என்று சொன்னால் மருத்துவர் சீட்டு வேண்டும் என்கிறார், எவ்வளவு கெஞ்சினாலும் தர மாட்டார், அது சட்டம். ராத்திரியிலும் வார இறுதியிலும் மருத்துவரைப் பார்க்க 'க்வார்தியா மேதிக்கா' எங்கே என்று அவரிடமே கேளுங்கள்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை, நாலு வரை பல கடைகள் அடைத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கதவு மூடியிருந்தால் திரும்பி நடக்காமல் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். 'ஃபர்மச்சீயா தி தூர்னோ' என்று போட்டு, அந்த வேளைக்குத் திறந்திருக்கும் கடையின் பெயரும் விலாசமும் இருக்கும். முறை வைத்து யாராவது ஒருவர் திறந்திருப்பார். ராத்திரியில் ஷட்டர் இறக்கியிருந்தாலும் பக்கத்தில் அழைப்பு மணி இருக்கும், அழுத்தினால் சின்ன ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள்.

மருந்து கையில் கிடைத்ததும் கேட்க வேண்டியது: 'க்வாந்தே வோல்தே அல் ஜோர்னோ?', ஒரு நாளைக்கு எத்தனை முறை? 'ப்ரீமா ஓ தோப்போ இ பாஸ்தி?', சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? 'ஓஞ்ஞி ஓத்தோ ஓரே' என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பெட்டியிலேயே எழுதித் தரச் சொல்லிவிடுங்கள்.

திருடு போனால்

ரோமில் தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் ஜேப்படிக்குப் பெயர்போனது, மிலான் மெட்ரோவும் அப்படித்தான். பாஸ்போர்ட், கார்டு, பணம் மூன்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள். போய்விட்டது என்று தெரிந்ததும் முதல் வேலை வங்கிக்குப் பேசிக் கார்டை முடக்குவது, இரண்டாவது வேலை போலீஸ்.

'மி ஆன்னோ ருபாத்தோ...' என்றால் என்னிடமிருந்து திருடிவிட்டார்கள். அதன் பின்னால் பொருளைச் சொல்லுங்கள்: இல் பஸ்ஸபோர்த்தோ, இல் போர்த்தஃபோல்யோ (பர்ஸ்), லா போர்ஸா (கைப்பை), இல் தெலேஃபொனோ. திருட்டா தொலைந்ததா என்று தெரியவில்லை என்றால் 'ஓ பெர்ஸோ...', தொலைத்துவிட்டேன்.

புகார் கொடுப்பதற்கு 'தெனூன்ச்சா' என்று பெயர். 'தேவோ ஃபாரே ஊனா தெனூன்ச்சா' என்று சொன்னால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். கொடுக்க வேண்டிய இடம் போலீஸின் 'க்வெஸ்தூரா' அல்லது 'கொம்மிஸ்ஸாரியாத்தோ', இல்லாவிட்டால் கராபினியேரி என்ற இன்னொரு காவல் படையின் நிலையம். இரண்டு படைகளும் ஒன்றுதானா என்று குழம்ப வேண்டாம், எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். பெரிய ரயில் நிலையங்களில் 'போல்ஃபெர்' என்ற ரயில்வே போலீஸ் அலுவலகம் இருக்கும். முத்திரை போட்ட நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்: 'போஸ்ஸோ அவேரே ஊனா கோப்பியா?'. புதுப் பயண ஆவணத்துக்கும் காப்பீட்டுக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை.

பாஸ்போர்ட் போனவர்கள் அந்த நகலோடு தூதரகத்துக்குப் போக வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ரோமில் தூதரகமும் மிலானில் துணைத் தூதரகமும் உள்ளன. ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் இந்தியர்களுக்குக் கிடைக்கும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் படத்தையும் மின்னஞ்சலில் போட்டுவைத்திருந்தால் வேலை பாதியாகக் குறையும். சிசிலியில் மாட்டிக்கொண்டால் ஒன்று தெரிந்து வையுங்கள், பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள், அந்நகரின் காவல் புனிதையான ஸாந்தா ரொஸலீயாவின் மலைக்கோயிலுக்கு நம்மவர்கள் ஏறிப் போவதைப் பார்க்கலாம். தமிழும் இத்தாலியனும் சேர்ந்து தெரிந்த ஒருவர் அங்கே கிடைப்பது கஷ்டமில்லை.

இன்னொன்று. சாதாரண உடையில் வந்து நாங்கள் போலீஸ், பர்ஸைக் காட்டு என்று கேட்கும் மோசடிக்காரர்கள் உண்டு. 'இல் தெஸ்ஸெரீனோ, பெர் ஃபவோரே', அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள், பர்ஸைக் கையில் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் கண்முன்னாலேயே 112 அழுத்துங்கள்.

பிள்ளையைக் காணவில்லை, யாரோ தொந்தரவு செய்கிறான்

'நோன் த்ரோவோ மீயா ஃபீல்யா', என் மகளைக் காணவில்லை. மகன் என்றால் 'மீயோ ஃபீல்யோ'. இங்கே 'ஓ பெர்ஸோ' என்று சொல்லாதீர்கள், பிள்ளை இறந்துவிட்டது என்றும் கேட்பவருக்குப் படலாம். வயது 'ஆ ஸேய் ஆன்னி', ஆறு வயது. சட்டை 'மல்யெத்தா', அதன் நிறம் சேருங்கள்: ரோஸ்ஸா சிவப்பு, ப்ளூ நீலம், வேர்தே பச்சை, ஜால்லா மஞ்சள், நேரா கறுப்பு, பியாங்கா வெள்ளை. காலையில் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போதே பிள்ளையைப் படம் எடுத்துவிட்டால் இத்தனை சொற்களும் தேவைப்படாது.

தொந்தரவு செய்கிறவனிடம் மரியாதை வேண்டாம், புன்னகையும் வேண்டாம். 'வாத்தெனே!' போய்விடு. 'லாஷாமி இன் பாச்சே!' என்னை விடு. 'நோன் மி தொக்காரே!' தொடாதே. உரக்கச் சொல்லுங்கள், சுற்றியிருப்பவர்கள் திரும்புவார்கள், அதுவே பாதிப் பாதுகாப்பு. பின்தொடர்ந்தால் ஏதாவது கடைக்குள் நுழைந்து 'க்வெஸ்துவோமோ மி ஸ்தா ஸெக்வெந்தோ' என்று சொல்லுங்கள், இந்த ஆள் என் பின்னால் வருகிறான் என்று பொருள். பெண்களுக்கான உதவி எண் 1522, இரவும் பகலும் இயங்கும், பல மொழிகளில் பேசலாம்.

ரயில், பலகைகள்

விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் கேட்கக் கூடாத சொல் 'ஷோப்பெரோ', வேலைநிறுத்தம். இத்தாலியில் இது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் அத்தியாவசிய சேவை இருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். பலகையில் 'ரித்தார்தோ' என்றால் தாமதம், 'கான்ச்செல்லாத்தோ' என்றால் ரத்து, 'பினாரியோ' என்றால் நடைமேடை. 'ஓ லஷாத்தோ லா வலீஜா ஸுல் த்ரேனோ' என்றால் பெட்டியை ரயிலிலேயே விட்டுவிட்டேன்.

'உஷீத்தா' வெளியேறும் வழி. 'பெரீக்கொலோ' அபாயம். 'வியெத்தாத்தோ' தடை. 'க்வாஸ்தோ' வேலை செய்யவில்லை. 'ஸ்பிஞ்ஜெரே' தள்ளு, 'திராரே' இழு. கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள், உயிர்காப்பாளர் 'பஞ்ஞீனோ'. குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்று இருந்தால் குடிக்கக் கூடாது. குளியலறைக் குழாயில் ஆங்கில எழுத்து சி இருந்தால் அது 'கால்தோ', சுடுதண்ணீர். குளிர்ந்த நீர் என்று நினைத்துத் திறந்து குழந்தையின் கையை நீட்டிவிடாதீர்கள். குளிர்ந்தது 'ஃப்ரெத்தோ', அதற்கு எஃப்.

கிளம்புவதற்கு முன்

ஒரு சின்ன அட்டையில் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, நோய்கள், சாப்பிடும் மாத்திரைகளின் மூலப் பெயர், ஒவ்வாமை, தங்கும் இடத்தின் விலாசம், காப்பீட்டு எண், ஊரில் ஒருவருடைய போன் எண் எல்லாவற்றையும் இத்தாலியனில் அச்சிட்டு வீட்டில் ஒவ்வொருவர் பர்ஸிலும் வையுங்கள். மாத்திரையின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் அங்கே பயனில்லை, அதே மருந்து வேறு பெயரில் விற்கும்.

எண்களை ஒன்றிலிருந்து ஒன்பது வரை சொல்லிப் பழகுங்கள்: ஊனோ, தூவே, த்ரே, க்வாத்த்ரோ, ச்சீங்க்வே, ஸேய், ஸெத்தே, ஓத்தோ, நோவே, சுழியம் ட்ஸேரோ. உங்கள் போன் எண்ணையும் வாடகை வீட்டின் கதவு எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகத் தடுமாறாமல் சொல்ல வரும்வரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட வருகிறவர்களும் குறைந்தது ஆயூத்தோ, ப்ரோந்தோ ஸொக்கோர்ஸோ, 112 மூன்றையும் தெரிந்துவைத்திருக்கட்டும், விழப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.